வெற்றிலைத் தட்டும் ஹெஸ் விதியும்

மே 7, ஞாயிறு

என் பெயர் சிவனணைந்தான்.

இத்தனை வருஷமும் இந்தப் பெயரை மற்றவர்கள்தான் எழுதினார்கள். ரேஷன் கார்டில் ஒரு விதமாக, ஓட்டுப் பட்டியலில் வேறு விதமாக. இன்று நானே எழுதியிருக்கிறேன். இனி இதுதான் சரி.

டைரி உரக்கடையில் கொடுத்தது. போன வருஷத்து டைரி. கிழமையை அடித்துவிட்டு நான் போட்டுக்கொள்கிறேன். எழுபது வயதில் எழுத்து எதற்கு என்று எழுத்தறிவு வகுப்பு வாசலில் நின்று கேட்டவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். உங்களைப் பற்றி எழுதத்தான்.

மே 8, திங்கள்

ஆடு இரண்டு குட்டி போட்டது. ஆடு என்று எழுதுவது சுலபம். குட்டி கொஞ்சம் கஷ்டம்.

மே 10, புதன்

என் மருமகள் முத்துக்கனிக்கு நான் வேதியியல் வாசிக்கிறேன். இப்படி எழுதினால் பெரிய வாத்தியார் போல இருக்கிறது. விஷயம் அதுவல்ல.

அவள் பன்னிரண்டாம் வகுப்பு எல்லாப் பாடமும் தேறியவள். அதற்கு முந்தைய வருஷம், பதினொன்றில், வேதியியல் மட்டும் போய்விட்டது. திரும்ப எழுதுவதற்குள் என் மகன் சந்தனகுமாருக்குக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். அந்த ஒரு பாடம் இல்லாமல் முழுச் சான்றிதழ் வராது. சான்றிதழ் இல்லாமல் நர்ஸ் படிப்பில் சேர முடியாது. ஜூலை முதல் வாரம் தென்காசியில் துணைத் தேர்வு. விண்ணப்பித்துவிட்டாள். மகன் கேரளாவில் மிட்டாய் வேன் ஓட்டுகிறான். "உன் இஷ்டம்" என்று போனில் சொல்லிவிட்டான். அதைச் சம்மதம் என்றும் எடுக்கலாம், எரிச்சல் என்றும் எடுக்கலாம். நாங்கள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

வீட்டில் பீடி சுற்றுகிறார்கள். முத்துக்கனிக்கு ஏழாம் மாதம். புகையிலைத் தூளைத் தொடவே கூடாது என்று நர்ஸம்மா சொன்னதால் இலை மட்டும் வெட்டுகிறாள். இலைமேல் அளவுத் தகட்டை வைத்துக் கத்தரி போடும்போது கண்ணை எடுத்தால் விரல் போய்விடும். அதனால் புத்தகம் என் கையில். அவள் கண் இலையில், காது என்னிடம்.

"மாமா, நீங்க வாசிக்கது எனக்கு ரொம்ப வசதி. நீங்க ஒரு வரி முடிக்கதுக்குள்ள நான் அதை ரெண்டு தடவை யோசிச்சிருதேன்" என்றாள்.

பாராட்டா கேலியா தெரியவில்லை. பாராட்டு என்று எழுதிக்கொள்கிறேன்.

மே 14, ஞாயிறு

குளோரினின் அணு நிறை முந்நூற்று ஐம்பத்தைந்து என்று வாசித்தேன். முத்துக்கனி கத்தரியை நிறுத்தினாள்.

"நடுவுல புள்ளி இருக்கும் பாருங்க மாமா."

இருந்தது. ஈ உட்கார்ந்த அடையாளம் என்று நினைத்துவிட்டேன். முப்பத்தைந்தரை. ஆனால் அரை எப்படி வரும்? முதல் பாடத்தில்தான் அணுவைப் பிளக்க முடியாது என்று அவ்வளவு பெருமையாகப் போட்டிருந்தது. அதற்குள் பாதியா? விடவில்லை. கேட்டேன்.

"எல்லாக் குளோரினும் ஒரே எடை இல்ல மாமா. நாலு எடுத்தா சுமாரா மூணு முப்பத்தஞ்சு, ஒண்ணு முப்பத்தேழு. கூட்டி நாலால வகுங்க."

சிலேட்டில் போட்டேன். முப்பத்தைந்தரைதான் வந்தது. எனக்குப் புல்லரித்தது. ஆனாலும் கேட்டேன். "அப்ப முப்பத்தஞ்சரை எடையில ஒரு அணுவாவது உண்டா?"

"ஒண்ணுகூட கிடையாது."

"இல்லாத எடையை எதுக்குப் புத்தகத்துல போடுதாவ?"

"கணக்கெடுக்க வந்தவுக நம்ம தெருவுல வீட்டுக்கு நாலரை ஆளுன்னு எழுதிட்டுப் போகலையா? எந்த வீட்டுல அரை ஆளு இருக்கு?"

என் மனைவி ஆவுடை முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் சொன்னாள். "ஏன், இந்த வீட்டுல ஒண்ணு உக்காந்து வாசிக்கே."

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் இலை எல்லாம் சிதறிவிட்டது. எனக்கும் சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

மே 21, ஞாயிறு

வெயில் தாங்கவில்லை. ஆனால் இன்று ஒரு காரியம் செய்தோம்.

வெப்பத்தை வெளியே விடும் வினை, வெப்பத்தை உள்ளே இழுக்கும் வினை என்று இரண்டு உண்டாம். முத்துக்கனி துணி சோப்புத் தூளை என் ஈரக் கையில் கொட்டி மூடச் சொன்னாள். கை சுட்டது. பிறகு ஒரு வாளித் தண்ணீரில் வயலுக்கு வாங்கி வைத்த யூரியாவைக் கொட்டிக் கலக்கச் சொன்னாள். கிணற்றுக்குள் கையை விட்ட மாதிரி ஜில் என்று ஆனது. ஐம்பது வருஷமாக யூரியா போடுகிறேன். கரைத்துத் தெளிக்கும் நாளில் கை குளிர்ந்தால் தண்ணீரின் குணம் என்று இருந்துவிட்டேன். தண்ணீருக்கு வேறு நன்றி சொல்லியிருக்கிறேன்.

ஆவுடை வாங்கி வைத்திருந்த கலர் சோடா பாட்டிலை அந்த வாளிக்குள் இறக்கினேன். பார்த்துவிட்டாள்.

"உரத்துக்குள்ள குடிக்கிறதை வைக்கீகளே, உங்களுக்குப் படிப்பு ஏறுச்சா, பைத்தியம் ஏறுச்சா?"

"வெப்பம் கொள் வினை" என்றேன்.

"கொள்ளும் கொள்ளும். யூரியா என்ன விலை தெரியுமா?"

அந்தத் தண்ணீரைத் தென்னைக்கு ஊற்றினேன். கலர் ஜில்லென்று இருந்தது. பாட்டிலை நன்றாகக் கழுவிவிட்டு ஆவுடையும் குடித்தாள். அவள் மறுக்கலாம். இங்கே எழுதிவிட்டேன்.

ஒரு சந்தேகம். வெப்பம் வெளியே வந்தால் கழித்தல் குறி போடுகிறார்கள். என் கை சூடாகிறதே, கூட்டல்தானே போட வேண்டும்? முத்துக்கனி சொன்னாள். "கணக்கு உங்க கைப்பக்கம் இருந்து இல்ல மாமா. தூள்பக்கம் இருந்து. அதுகிட்ட இருந்தது போயிட்டுல்லா?"

கொடுத்தவன் பக்கம் நின்று பார்க்கும் கணக்கு. இந்தக் கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது.

ஜூன் 8, வியாழன்

இன்று ஹெஸ் என்பவரின் விதி. எனக்கும் அவருக்கும் ஒத்துவரவில்லை.

கரியை நேராக எரித்துக் கரியமில வாயு ஆக்கினாலும், முதலில் பாதி எரித்து நிறுத்தி அப்புறம் மீதியை எரித்தாலும், வரும் வெப்பம் மொத்தத்தில் ஒன்றுதானாம். நேர்வழியில் 393.5. சுற்றுவழியில் 110.5, பிறகு 283. கூட்டிப் பார்த்தேன். சரியாக வந்தது. திரும்பக் கூட்டினேன். அப்போதும் வந்தது. அதனால்தான் கோபம் அதிகமாகிவிட்டது.

"அதெப்படி? இங்க இருந்து உங்க ஊரு விளாத்திகுளத்துக்கு நேரா போறதும், ஊர் ஊரா இறங்கி ஏறிப் போறதும் ஒண்ணாயிருமா?"

"குத்தால மலையில மேல ஏறுதீக மாமா. படியில ஏறினாலும் பாறையில ஏறினாலும் உயரம் ஒண்ணுதான?"

"வேர்வை?"

"வேர்வை கணக்குல வராது."

வியர்வையைக் கணக்கில் எடுக்காத புத்தகம்! அவள் பரீட்சையில் எப்படி வேண்டுமானாலும் எழுதட்டும். நான் ஒத்துக்கொள்ளவில்லை என்பதை இந்தப் பக்கத்தில் எழுதிக் கீழே கையெழுத்தும் போடுகிறேன்.

சிவனணைந்தான்.

ஜூன் 12, திங்கள்

சம்பந்தி கனகமணி விளாத்திகுளத்திலிருந்து போன் செய்தார். முத்துக்கனியின் அம்மா. வளைகாப்புக்கு நாள் பார்த்தாகிவிட்டது. ஜூலை 3, திங்கள். ஏழாம் மாதமே போட்டிருக்க வேண்டியது, அவர்கள் பக்கம் ஒரு சாவு, தீட்டு, தள்ளிப்போனது. இந்த நாளை விட்டால் ஒன்பதாம் மாதத்தில் வேறு முகூர்த்தம் இல்லை, பிறகு ஆடி பிறந்துவிடும்.

வேதியியல் பரீட்சை ஜூலை 5, புதன்.

வளையல் போட்ட அன்றே பெண்ணைப் பிறந்த வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். பிள்ளை பிறக்கும்வரை திரும்ப அனுப்ப மாட்டார்கள். விளாத்திகுளத்திலிருந்து தென்காசிக்கு மூன்று பஸ் மாற வேண்டும்.

"வளையல் போட்ட பிள்ளையை நான் பஸ்ஸுல ஏத்துவனா அண்ணன்?" என்று கனகமணி கேட்டார். அவர் கேட்டதும் நியாயம்தான். நியாயம் என்று எழுதிவிட்டேன். ஆனாலும் விட மாட்டேன்.

ஜூன் 13, செவ்வாய்

ஆவுடையோடு சண்டை.

"அடுத்த வருசம் எழுதட்டுமே. பரீட்சை எங்க ஓடுது?"

"கைப்பிள்ளையை வச்சுக்கிட்டு அடுத்த வருசம் எழுதுவாளா?"

"எழுதலைன்னா என்ன, நான் எழுதுனனா?"

"அதைத்தான் சொல்லுதேன்."

அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். மதியக் குழம்பில் உப்பு இல்லை.

ஜூன் 20, செவ்வாய்

முத்துக்கனிக்குக் காலையில் தலைசுற்றல். சுவரைப் பிடித்து உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் ரத்தம் குறைவு என்று மாத்திரை கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் "போதும் மாமா, விட்டுருவோம்" என்றாள்.

ஆட்டைப் பார்க்கப் போனேன்.

ஜூன் 21, புதன்

வாசிக்கவில்லை.

ஜூன் 22, வியாழன்

வாசிக்கவில்லை. எனக்காக நானே ஒரு பக்கம் எடுத்து வாசித்துப் பார்த்தேன். கேட்க ஆள் இல்லாமல் எழுத்து எழுத்தாகத்தான் இருக்கிறது.

ஜூன் 23, வெள்ளி

"ஏன் மாமா ரெண்டு நாளா புத்தகத்தை எடுக்கல?"

"நீதானம்மா விட்டுருவோம்னே?"

"நான் அன்னைக்குச் சொன்னேன். இன்னைக்கா சொன்னேன்? மோல் கணக்குல இருந்து எடுங்க."

எடுத்தேன். சந்தோஷத்தில் வேகமாக வாசித்துவிட்டேன் போல. மெதுவாக வாசிக்கும்படி திட்டினாள்.

ஜூலை 3, திங்கள்

இதை உட்கார்ந்து ஒழுங்காக எழுத வேண்டும்.

விளாத்திகுளத்திலிருந்து வேன் வந்தது. கனகமணி, அவருடைய அண்ணன் மந்திரம், இன்னும் பெண்கள். மந்திரம் முத்துக்கனிக்குத் தாய்மாமன். நடந்து வரும்போதே பேசிக்கொண்டு வருகிறவர். புளிச்சோறு, எலுமிச்சம்பழச் சோறு, தேங்காய்ச் சோறு என்று அண்டா அண்டாவாக இறக்கினார்கள். என் மகனும் காலையில் வந்துவிட்டான். பெண்கள் சந்தனம் பூசி இரண்டு கையிலும் முழங்கைவரை கண்ணாடி வளையல் போட்டார்கள். முத்துக்கனி நாற்காலியில் உட்கார்ந்து எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள். என்னைப் பார்த்தபோது சிரிக்கவில்லை.

சாப்பாடு முடிந்தது. எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்று உண்டு. பெண்ணை அனுப்பும்போது மாமனார் தன் கையால் வெற்றிலைத் தட்டை எடுத்துப் பெண்ணின் அம்மாவிடம் கொடுக்க வேண்டும். அதை வாங்காமல் அவர்கள் பெண்ணை வாசல் இறக்க மாட்டார்கள். இறக்கினால் சண்டை போட்டுக் கூட்டிப் போனதாக ஆகிவிடும்.

ஆவுடை தட்டைக் கொண்டுவந்து என் கையில் தந்தாள். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், ஒரு தேங்காய். கனகமணி முந்தானையை ஏந்தி நின்றார்.

நான் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

"அண்ணன்?"

"தட்டு புதன்கிழமை தாறேன் தங்கச்சி. பரீட்சை முடியட்டும்."

முதலில் சிரித்தார்கள். விளையாட்டு என்று நினைத்தார்கள். பிறகு மந்திரம் கிட்டே வந்தார்.

"என்ன வே, வெளையாடுதீரா? வேன்காரன் நிக்கான்."

"நிக்கட்டும். இல்லைன்னா போகட்டும்."

"இந்த வயசுல ரெண்டு எழுத்துப் படிச்சதும் ஊரு முறையெல்லாம் மாத்திருவீரோ?"

"நான் எங்க மாத்துதேன்? முறைப்படி தட்டு என் கையால வரணும். வரும். புதன்கிழமை வரும்."

என் மகன் "அப்பா, அசிங்கப்படுத்தாதீங்க" என்றான். கண் சிவந்திருந்தது. ராத்திரி முழுக்க வண்டி ஓட்டி வந்தவன். அவனைப் பார்க்காமல் தேங்காயைப் பார்த்துக்கொண்டேன்.

அப்போது மந்திரம் கேட்டார். "சரி வே. நாளைக்கு அலைஞ்சு பிள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா நீரு பொறுப்பா?"

   அந்தத் தலைசுற்றல் நினைவுக்கு வந்தது. தட்டை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

முத்துக்கனி நாற்காலியை விட்டு எழுந்தாள். வளையல் எல்லாம் ஒரு சத்தம் போட்டது.

"அவுகளைக் கேக்காதீங்க. என் பிள்ளைக்கு நான் பொறுப்பு. பரீட்சைக்குப் போறது நான். அவுக தட்டைத்தான் வச்சிருக்காக." அம்மாவைப் பார்த்துச் சொன்னாள். "ரெண்டே நாள்மா. நீயும் இங்கயே இரு. எனக்குத் தலை சுத்தினா நீயே பிடிச்சுக்கோ. நானே வேண்டாம்னு சொன்னா அன்னைக்கே கூட்டிட்டுப் போ."

கனகமணி ஏந்திய முந்தானையை இறக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வேன் மற்றவர்களோடு போய்விட்டது. மகன் ராத்திரியே வேலைக்குத் திரும்பிவிட்டான். கனகமணியும் மந்திரமும் தங்கிவிட்டார்கள். மந்திரம் கோபத்தில் ஒன்றும் சாப்பிட மாட்டேன் என்றார். சாயங்காலம் மிச்சப் புளிச்சோற்றைச் சாப்பிட்டார்.

ஜூலை 4, செவ்வாய்

தட்டை நேற்று சாமி படத்தின் கீழே வைத்திருந்தேன். வெற்றிலை வாடிவிட்டால் செல்லாது, வேறு நாள் பார்க்க வேண்டும், வாடுவதற்குள் கூட்டிப் போகிறோம் என்று மந்திரம் ராத்திரியே சொல்லிவிட்டுப் படுத்தார். காலையில் பார்த்தால் தட்டில் வெற்றிலை பச்சைப் பசேல் என்று தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கிறது. யாரைக் கேட்டாலும் தெரியாது என்கிறார்கள். ஆவுடை காலில் வெற்றிலைக் கொடிக்கால் சேறு இருந்தது. கேட்டேன்.

"ஆட்டுக்குக் கொழை ஒடிக்கப் போனேன். அதுக்கும் பரீட்சை வைப்பீகளா?" என்றாள்.

பகல் முழுக்க வாசித்தேன். கனகமணி முதலில் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். மதியத்துக்கு மேல் இந்தப் பக்கம் திரும்பினார்.

"அது என்ன அண்ணன், என்தால்பி என்தால்பின்னு? யாரு அது?"

நான் சொல்ல வாயெடுப்பதற்குள் ஆவுடை சொன்னாள். "அது ஆளு இல்ல மதினி. ஒரு பொருளுக்குள்ள இருக்க வெப்பக் கணக்கு. வெளிய விட்டா கழித்தல், உள்ள இழுத்தா கூட்டல்."

நானும் முத்துக்கனியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஆவுடை பீடியின் வாயை மடித்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 5, புதன்

ஆட்டோவில் முத்துக்கனி, கனகமணி, நான். தட்டைத் துணியில் கட்டி மடியில் வைத்துக்கொண்டேன். மந்திரம் வீட்டில் இருக்கும்போது தட்டை விட்டுப் போக மனமில்லை.

பள்ளிக்கூட வாசலில் ஒரு டீச்சர் நிறுத்தினார். வளையல் சத்தம் மற்ற பிள்ளைகளுக்குத் தொந்தரவாக இருக்கும், கழற்றிவிட்டு வரச் சொன்னார். கெட்ட மனுஷி இல்லை. அவருக்கு அது வேலை.

நான் பேசுவதற்குள் கனகமணி முன்னால் போனார். இரண்டு நாளாக இந்தப் பரீட்சையைத் திட்டிக்கொண்டிருந்தவர்.

"பிரசவ வலி வந்தாத்தான் இந்த வளையலைக் கழட்டணும் டீச்சர். இப்ப கழட்டணும்னா வளையலோட சேத்துக் கையை எடுத்துக்கோங்க. ஆனா எழுத விடுங்க."

 கனகமணி என் தட்டைக் கட்டியிருந்த துணியைப் பிடுங்கி இரண்டாகக் கிழித்து, மகளின் இரண்டு கையிலும் வளையல் மேல் இறுக்கச் சுற்றினார். முத்துக்கனி கையை ஆட்டிக் காட்டினாள். சத்தம் இல்லை. உள்ளே விட்டார்கள். கட்டுப் போட்ட கையோடு சண்டைக்குப் போகிறவள் மாதிரி நடந்து போனாள்.

மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம்.   தட்டு திறந்து கிடந்தது. வெற்றிலை மேல் அடிக்கடி தண்ணீர் தெளித்தேன்.

மணி அடித்ததும் முத்துக்கனி வந்தாள். முகம் வேர்த்திருந்தது.

"மாமா, ஹெஸ் விதி அஞ்சு மார்க்குக்கு வந்திருந்து."

"எழுதினியா?"

"எழுதினேன். உங்க கட்சி இல்ல. அவர் கட்சிதான்."

"துரோகி" என்றேன். கனகமணிக்கு ஒன்றும் புரியவில்லை.

பஸ் நிலையத்தில் மந்திரம் பைகளோடு நின்றார். அங்கேயே, மக்கள் பார்க்க, தட்டைக் கனகமணியின் முந்தானையில் வைத்தேன். அவர் கும்பிட்டு வாங்கிக்கொண்டார். பஸ்ஸில் ஏற்ற மாட்டேன் என்றவரே மகளைக் கைபிடித்து ஏற்றினார். முத்துக்கனி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். பஸ் கிளம்பியது.

வீட்டுக்கு நடந்தே வந்தேன். எதற்கு நடந்தேன் என்று ஆவுடை கேட்டாள். ஆட்டோ கிடைக்கவில்லை என்றேன்.

ஜூலை 9, ஞாயிறு

புத்தகத்தை எடுத்தேன். பரீட்சை முடிந்த புத்தகம். ஆவுடை "இன்னும் என்ன அது?" என்றாள். மூடப் போனேன். "எடுத்ததை வாசிச்சுட்டு வையுங்க" என்றாள். கரிமச் சேர்மங்கள் வாசித்தேன். ஒன்றும் விளங்கவில்லை. இரண்டு பேருக்கும்தான்.

ஜூலை 28, வெள்ளி

விளாத்திகுளம் அரசு ஆஸ்பத்திரியில் இருந்து எழுதுகிறேன். வராந்தாவில் பெஞ்சு உயரம் சரியில்லை, எழுத்து சாய்கிறது.

நேற்று பெண் குழந்தை பிறந்தது. சுகப் பிரசவம். குழந்தை சின்னது. உள்ளங்கையில் ஒரு அணில் மாதிரி இருக்கிறது. ஆனால் அழுகை முழு ஆளின் அழுகை. டாக்டரம்மா பயப்பட ஒன்றும் இல்லை, பால் குடிக்கிறாள், தேறிவிடுவாள் என்று சொன்னார். நான் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன். மூன்றாம் முறை கேட்டபோது விரட்டினார்.

இன்றைக்கே தேர்வு முடிவு. சந்தனகுமார் கட்டில் பக்கத்தில் நின்று போனில் எண்ணைப் போட்டான்.  போனை முத்துக்கனியிடம் கொடுத்தான். அவள் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

"மாமா, நீங்க வாசிங்க. மெதுவா."

வேதியியல், நாற்பத்தொன்பது, தேர்ச்சி.

புள்ளி ஏதும் இருக்கிறதா என்று நன்றாகப் பார்த்தேன். இல்லை.

ஆவுடை சத்தமாக மூக்கைச் சிந்தினாள். கனகமணி குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டார். அந்த நேரம் பார்த்து மந்திரம் உள்ளே வந்தார். குழந்தையைப் பார்த்தார், கட்டிலில் தொங்கிய அட்டையைப் பார்த்தார்.

"ரெண்டே கால் கிலோவா? நான் அன்னைக்கே சொன்னேன். வளையலைப் போட்டுக்கிட்டுப் பரீட்சைக்கு அலைஞ்சா இப்படித்தான் வரும்."

 நான் எழுந்தேன். முத்துக்கனி கையைக் காட்டி என்னை உட்காரச் சொல்லிவிட்டு மந்திரத்தைப் பார்த்தாள். குரல் இன்னும் தேறவில்லை. ஆனால் ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"பிள்ளை எடை தினமும் ஏறும் மாமா. என் மார்க்கை இனிமே யாராலயும் இறக்க முடியாது."

மந்திரம் எல்லோருக்கும் காப்பி வாங்கி வருகிறேன் என்று வேகமாக வெளியே போனார். எத்தனை காப்பி என்று கூடக் கேட்கவில்லை.